மாற்றுப் பள்ளிக்குப் போன பிள்ளை மறுபடி அங்கே போகாமலிருக்க

காலை எட்டேகால். பள்ளியின் முன் அலுவலகத்தில் பதினான்கு வயதுப் பையன் ஒருவன் கையில் ஒரு தாளோடு நிற்கிறான். ஒழுங்கு மீறிய பிள்ளைகளை அனுப்பும் மாற்றுப் பள்ளியில் முப்பது நாள் இருந்துவிட்டு இன்றுதான் திரும்பியிருக்கிறான். அவன் வருவது வரவேற்பு மேசையில் இருப்பவருக்குத் தெரியாது. ஆலோசகர் வேறொரு கூட்டத்தில் இருக்கிறார். கால அட்டவணையை யாரும் மாற்றவில்லை. யாரோடு சண்டை போட்டானோ அந்தப் பையனும் இரண்டாம் பீரியடில் அதே வகுப்பில் இருக்கிறான். ஒன்பது மணிக்கு வகுப்புக்குள் நுழைகிறான். ஆசிரியர் நிமிர்ந்து பார்த்து, "ஓ, வந்துட்டியா" என்கிறார். வகுப்பே திரும்பிப் பார்க்கிறது.

பதினோராம் நாள் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு தள்ளுமுள்ளு. அடுத்த திங்கள்கிழமை அவன் மறுபடி மாற்றுப் பள்ளியில் இருந்தான்.

நான் டெக்சஸில் பள்ளி ஆலோசகராகச் சேர்ந்த முதல் ஆண்டு அது. அன்று காலை வேறொரு கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஆலோசகர் நான்தான். மாற்றுப் பள்ளி அவனைத் திருத்தவில்லை என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அங்கே இருந்த முப்பது நாளும் அவன்மேல் ஒரு புகார்கூட இல்லை. நாங்கள் கோட்டை விட்டது அவன் திரும்பி வந்த நாளில். அதற்குப் பிறகு இத்தனை ஆண்டுகளில் நான் கற்றுக்கொண்டது ஒன்றுதான்: பிள்ளையை அனுப்பும் நாளன்றே அவன் திரும்பி வருவதற்கான வேலையைத் தொடங்கிவிட வேண்டும். கீழே இருப்பதெல்லாம் அதன் விவரம்.

ஹூஸ்டன், டாலஸ், ஆஸ்டின் பக்கங்களில் நம்மவர்கள் பலர் ஆசிரியராக, வகுப்பு உதவியாளராக, ஆலோசகராகப் பள்ளி வேலைக்கு வருகிறார்கள். அவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். பெற்றோருக்கும் ஒரு பகுதி உண்டு.

இது என்ன பள்ளி?

1995-ல் டெக்சஸ் தன் கல்விச் சட்டத்தைப் புதிதாக எழுதியபோது, அதன் 37-ஆம் அத்தியாயத்தில் ஒழுங்கு நடவடிக்கைக்கான மாற்றுக் கல்வித் திட்டம் என்ற ஒன்றை வைத்தது. அதன் ஆங்கிலச் சுருக்கம் டி.ஏ.இ.பி. (DAEP); மாற்றுப் பள்ளி என்று நான் சொல்வது இதைத்தான். பள்ளி மாவட்டங்கள், அதாவது ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் அமைப்புகள், இதை நடத்தியாக வேண்டும். பிள்ளையை வீட்டுக்கு விரட்டாமல், தனி இடத்தில் வைத்துப் பாடம் நடத்துவது நோக்கம். அங்கே ஆங்கிலம், கணிதம், அறிவியல், வரலாறு, சுய ஒழுக்கம் ஆகியவற்றை நடத்த வேண்டும், ஆலோசனையும் தர வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. 15 பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்பது மாநில விதி. இதற்கும் மேலே, சிறார் நீதித் துறை நடத்தும் திட்டம் இன்னொன்று உண்டு. அது வெளியேற்றப்பட்ட பிள்ளைகளுக்கானது. இந்தக் கட்டுரையில் அதைத் தொடவில்லை.

அங்கே போக இரண்டு வழிகள். ஒன்று கட்டாயம்: போதைப்பொருள், மது, காயம் ஏற்படுத்தும் தாக்குதல், பொய்யான வெடிகுண்டு மிரட்டல் போன்றவை. பள்ளி விரும்பினாலும் விரும்பாவிட்டாலும் அனுப்பியே தீர வேண்டும். மற்றொன்று பள்ளியின் விருப்புரிமை: மாவட்டத்தின் நடத்தை விதிகளை மீறினால், அல்லது திரும்பத் திரும்ப ஒழுங்கு மீறினால், பள்ளி நினைத்தால் அனுப்பலாம்.

இந்த வேறுபாட்டை முதல் நாளே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். மாநில அரசுகள் மன்றத்தின் நீதி மையமும் டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டன. ஏறக்குறைய பத்து லட்சம் ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு அது. பத்தில் ஏறக்குறைய ஆறு பேர் ஒருமுறையாவது இடைநீக்கமோ வெளியேற்றமோ பெற்றிருந்தார்கள். அந்த நடவடிக்கைகளில் சட்டம் கட்டாயமாக்கிய குற்றங்களுக்கானவை 3 சதவீதம் மட்டுமே. மற்றதெல்லாம் பள்ளி எடுத்த முடிவு. அதாவது, நம் கையில் இருக்கிற இடம் மிகப் பெரியது.

சட்டமன்றம் ஒற்றைப்படை ஆண்டுகளில் கூடும். அப்போதெல்லாம் விதிகள் மாறும். 2023 செப்டம்பரிலிருந்து வேப் எனும் மின்சிகரெட் வைத்திருந்தாலே மாற்றுப் பள்ளி என்று ஆனது. இடம் போதாமல் பல மாவட்டங்கள் திணறின. 2025-ல் முதல்முறை வேப்போடு சிக்குபவர்கள் விஷயத்தில் பள்ளிகளுக்குக் கொஞ்சம் கை அவிழ்த்துவிட்டார்கள். எனவே ஒவ்வொரு ஆகஸ்டிலும் உங்கள் மாவட்டத்தின் புதிய நடத்தை விதிப் புத்தகத்தை எடுத்துப் படித்துவிடுங்கள். போன ஆண்டு படித்ததை நம்பிப் பேசாதீர்கள்.

முதல் வேலை: பட்டியல்

யார் திரும்பத் திரும்பப் போகிறார்கள் என்று தெரியாமல் எதையும் தொடங்க முடியாது. ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகளை மாநிலக் கல்வித் துறைக்கு அனுப்பியாக வேண்டும் என்பதால் உங்கள் மாவட்டத்தின் கணினியில் எல்லாம் இருக்கும். கடந்த இரண்டு கல்வியாண்டுகளில் ஒருமுறைக்கு மேல் போனவர்களின் பெயர்களைக் கேட்டு வாங்குங்கள். ஒரு பெயருக்கு ஒரு வரி. முதல்முறை எதற்காகப் போனான், இரண்டாம்முறை எதற்காக, திரும்பி வந்து எத்தனையாவது நாளில் மறுபடி சிக்கினான், எந்த இடத்தில், எந்த நேரத்தில், யார் புகார் எழுதினார், எந்தப் பாடங்களில் தோற்றுக்கொண்டிருந்தான், சிறப்புக் கல்வியில் இருக்கிறானா, வளர்ப்பு இல்லத்திலோ வீடில்லாத நிலையிலோ இருக்கிறானா. இவ்வளவு போதும்.

இதில் "எத்தனையாவது நாள்" என்ற கட்டத்தை மட்டும் வரிசைப்படுத்திப் பாருங்கள். திரும்பி வந்த இரண்டு, மூன்று வாரத்துக்குள் சிக்கியவர்கள் ஒரு கூட்டமாக நிற்பார்கள். அது பிள்ளையின் குணத்தைவிட நம் வரவேற்பைப் பற்றிச் சொல்லும் கணக்கு. முதலிலும் இரண்டாவதிலும் வேப் என்றிருந்தால் பழக்கம் பிடித்துக்கொண்டிருக்கிறது. மதிப்பெண் அட்டை வந்த வாரத்தில் சிக்குபவனுக்குப் பாடத்தில் பிரச்சினை. ஒரே பீரியடில், ஒரே வகுப்பில் நான்கைந்து பெயர் வந்தால் அந்த வகுப்பில் என்ன நடக்கிறது என்று போய்ப் பார்க்க வேண்டும்.

பட்டியலை மேசைமேல் விட்டுப் போகாதீர்கள். மாணவர் பதிவுகளைக் காக்கும் மத்தியச் சட்டம் இருக்கிறது. அதைவிட முக்கியம், ஒரு பெயர் அந்தப் பட்டியலில் இருப்பது ஆசிரியர் அறையில் பேச்சானால் அந்தப் பிள்ளை வருவதற்கு முன்பே தோற்றுவிடுகிறான்.

அனுப்புவதற்கு முன்

டெக்சஸில் ஒவ்வொரு பள்ளியிலும் நடத்தை ஒருங்கிணைப்பாளர் என்று ஒருவர் இருக்க வேண்டும். பெரும்பாலும் உதவித் தலைமையாசிரியர்தான் அந்தப் பொறுப்பில் இருப்பார். பிள்ளையை வகுப்பிலிருந்து அகற்றியபின் மூன்று பள்ளி நாள்களுக்குள் பெற்றோரையும் பிள்ளையையும் வைத்து ஒரு கூட்டத்துக்கு அவர் நாள் குறிக்க வேண்டும். அந்தக் கூட்டம் சடங்காகிப் போவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். படிவம் ஏற்கனவே நிரப்பியிருக்கும். கையெழுத்து போடும் இடத்தில் மஞ்சள் கோடுகூட இழுத்திருப்பார்கள்.

முடிவெடுப்பதற்கு முன் சில விஷயங்களைக் கணக்கில் எடுத்தே ஆக வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. தற்காப்புக்காகச் செய்தானா, வேண்டுமென்றே செய்தானா, இதற்கு முன் என்ன நடந்திருக்கிறது, உடல் அல்லது மனக் குறைபாடு ஏதும் அவன் புரிதலைப் பாதித்ததா, அரசு பராமரிப்பில் இருக்கிறானா, வீடில்லாதவனா. கட்டாயப் பட்டியலில் உள்ள குற்றமானாலும் இவற்றைப் பார்க்க வேண்டும். நீங்கள் புதியவராக இருந்தாலும் கூட்டத்தில் இந்தக் கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்கலாம். குரலை உயர்த்த வேண்டியதில்லை. "இதைப் பார்த்துவிட்டோமா?" என்றால் போதும்.

சிறப்புக் கல்வியில் உள்ள பிள்ளை என்றால் வேறு கதவு ஒன்று திறக்க வேண்டும். பத்துப் பள்ளி நாள்களுக்கு மேல் அவனை இடம் மாற்றும் முடிவெடுத்தால், அடுத்த பத்துப் பள்ளி நாள்களுக்குள் ஒரு குழு கூடி, அவன் செய்தது அவனுடைய குறைபாட்டின் வெளிப்பாடா என்று பார்க்க வேண்டும். ஆம் என்றால் அவன் பழைய வகுப்புக்கே திரும்ப வேண்டும். ஆயுதம், போதைப்பொருள், கடுமையான காயம் ஆகிய மூன்றில் மட்டும் 45 பள்ளி நாள் வரை வேறிடத்தில் வைக்கலாம். இரண்டாம்முறை போகும் ஒவ்வொரு பிள்ளை விஷயத்திலும் நான் கேட்கும் கேள்வி: இவனை எப்போதாவது பரிசோதித்திருக்கிறோமா? படிக்கத் தெரியாததை மறைக்கச் சண்டை இழுக்கிற பிள்ளைகள் உண்டு. எட்டாம் வகுப்பில் உரக்க வாசிக்கச் சொன்னால் நாற்காலியைத் தள்ளிவிட்டு வெளியே போவது அவனுக்குச் சுலபம்.

அப்புறம், விருப்புரிமை வழக்கு என்றால் வேறு வழி கையில் இருக்கிறதா என்று பாருங்கள். சான் அன்டோனியோவில் எட் வைட் நடுநிலைப் பள்ளி 2012-ல் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் துணையோடு, பாதிக்கப்பட்டவரையும் பாதித்தவரையும் வட்டமாக உட்கார வைத்துப் பேசி உறவைச் சரிசெய்யும் முறையைத் தொடங்கியது. அதற்கு ஆள் வேண்டும், பயிற்சி வேண்டும், நேரம் வேண்டும். ஒரே நாளில் வந்துவிடாது. ஆனால் அது டெக்சஸ் பள்ளியிலேயே நடந்த காரியம் என்பதைத் தலைமையாசிரியரிடம் சொல்ல முடியும்.

அங்கே இருக்கும் நாள்கள்

மாற்றுப் பள்ளியை ஒருமுறையாவது நேரில் போய்ப் பாருங்கள். பல இடங்களில் காலையில் உலோகச் சோதனை, சட்டைப் பை சோதனை, ஒரே நிறச் சட்டை, கைப்பேசி கிடையாது. நடைபாதையில் வரிசை. ஒரு நாளைக்கு இத்தனை புள்ளி என்று ஒரு தாள். நல்ல புள்ளி வாங்கினால் சில இடங்களில் நாள் குறையும். இவ்வளவு இறுக்கத்தில் பெரும்பாலான பிள்ளைகள் அடங்கித்தான் இருப்பார்கள். அதைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கும் அமைதியான அறையில் கைப்பேசி இல்லாமல் இருந்தவனை, இரண்டாயிரம் பேர் முட்டிமோதும் நடைபாதைக்குத் திருப்பி அனுப்புகிறோம். அங்கே பழகாத ஒன்றை இங்கே எப்படிச் செய்வான்? பழைய குருடி கதவைத் திறடி என்று ஆகிவிடுகிறது.

அதனால் அங்கே இருக்கும்போதே இங்கே நடக்கப்போவதைப் பழக வேண்டும். நான் செய்வது இது. ஒரு மாணவியோடு உட்கார்ந்து, "உன்னை மாட்டிவிட்ட அந்த நிமிடத்தை மெதுவாகச் சொல்லு" என்பேன். அவள் சொல்வாள்: கைப்பேசியை எடுத்தேன், மிஸ் வந்து கையை நீட்டினார், எல்லோரும் பார்த்தார்கள், நான் கத்தினேன். "எந்த இடத்தில் உடம்பு சூடானது?" யோசித்துவிட்டு, "கையை நீட்டினப்போ" என்றாள். சரி, இப்போது நான் மிஸ், நீ நீ. எழுந்து கையை நீட்டினேன். முதல்முறை அவள் சிரித்துவிட்டாள். இரண்டாம்முறை உண்மையாகவே முகம் சிவந்தது. அந்த நேரத்தில் சொல்ல அவளே ஒரு வாக்கியத்தைத் தேர்ந்தெடுத்தாள்: "பையில் வைத்துவிடுகிறேன், வகுப்பு முடிந்ததும் பேசலாமா?" அதை எட்டு முறையாவது சொல்லிப் பார்த்தோம். உட்கார்ந்து, நின்று, நான் குரலை உயர்த்தியபோது, நான் பெருமூச்சு விட்டபோது. அறிவுரை காதோடு போய்விடும். இப்படி வாய்க்குப் பழகிய வாக்கியம் நிற்கும். அந்த ஆசிரியரிடமும் நான் போய்ப் பேசினேன், கையை நீட்டாமல் மேசையைக் காட்டுங்கள் என்று. இரண்டு பக்கமும் கொஞ்சம் நகர வேண்டும்.

அடுத்தது பாடம். சட்டம் சொல்லும் முக்கியப் பாடங்களைத் தவிர மற்றவற்றை மாற்றுப் பள்ளி நடத்த வேண்டிய கட்டாயம் பெரும்பாலும் இல்லை. எனவே அவன் போகும் முதல் வாரத்திலேயே அவனுடைய பாடப் பட்டியலை வைத்துக்கொண்டு எது நின்றுபோகிறது என்று பாருங்கள். பல நேரம் நின்றுபோவது அவனுக்குப் பிடித்த ஒரே வகுப்பாக இருக்கும்: இசைக் குழு, வாகனப் பழுதுபார்ப்பு, வெல்டிங், கால்பந்து. பள்ளிக்கு வருவதற்கான காரணமே அதுதான் என்றால், அது இல்லாமல் திரும்பி வந்து அவன் என்ன செய்வான்? வெல்டிங் ஆசிரியரிடம் பேசி இடத்தைப் பிடித்து வைக்கச் சொல்லுங்கள். விட்டுப்போன பாடத்தை அடுத்த கல்வியாண்டு தொடங்குவதற்கு முன் முடிக்க மாவட்டம் வாய்ப்புத் தர வேண்டும். அது கோடை வகுப்பா, இணையவழியா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சொந்தப் பள்ளியிலிருந்து ஒரே ஓர் ஆள், வாரம் ஒருமுறை, அவனைப் போய்ப் பார்க்க வேண்டும். நேரில் முடியாவிட்டால் தொலைபேசியில். பத்து நிமிடம். "உன் இடம் இங்கே காலியாகத்தான் இருக்கிறது" என்று அவனுக்குத் தெரிய வேண்டும்.

திரும்பும் கூட்டம்

2019-ல் டெக்சஸ் சட்டமன்றம் 37.023 என்ற பிரிவைச் சேர்த்தது. பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அதன்படி, பிள்ளையை விடுவிக்கும் நாள் முடிவானதும் மாற்றுப் பள்ளி அதைப் பெற்றோருக்கும் சொந்தப் பள்ளிக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அங்கே அவன் பாடத்தில் எவ்வளவு முன்னேறினான் என்ற மதிப்பீட்டையும் சொந்தப் பள்ளிக்கு அனுப்ப வேண்டும். விடுவித்த ஐந்து பாட நாள்களுக்குள் சொந்தப் பள்ளியின் நிர்வாகி அவனுக்கென்று தனியான ஒரு திரும்பும் திட்டத்தை உருவாக்க வேண்டும். ஆலோசகர், சமூகப் பணியாளர், பள்ளிக் காவலர், நடத்தை ஒருங்கிணைப்பாளர், அவனுக்குப் பாடம் நடத்தப்போகும் ஆசிரியர்கள் ஆகியோரின் கருத்து அதில் இடம்பெற வேண்டும்.

ஐந்து நாள் என்பது சட்டம் தரும் கடைசி எல்லை. நீங்கள் அதுவரை காத்திருக்காதீர்கள். அவன் திரும்புவதற்கு முந்தைய வாரமே கூட்டத்தை வையுங்கள். முதல் ஐந்து நாள்தான் மிக ஆபத்தான நாள்கள். அவை போனபிறகு திட்டம் போட்டு என்ன பயன்?

கூட்டத்தில் நீளமாகப் பேச வேண்டாம். ஒரு பக்கத் தாள். அதில் நான் எழுதி வாங்குவது: முதல் நாள் காலை அவன் எந்த வாசலில் வருவான், யார் அங்கே நிற்பார். கால அட்டவணையில் என்ன மாறுகிறது. சண்டை போட்ட இன்னொரு பிள்ளையிடம் யார், எப்போது பேசுகிறார். புகார் எழுதிய ஆசிரியரும் பிள்ளையும் வகுப்புக்கு வெளியே ஐந்து நிமிடம் எப்போது சந்திக்கிறார்கள். கொதிப்பு ஏறினால் அவன் எங்கே போகலாம், என்ன சொல்லிவிட்டுப் போகலாம். தினமும் அவனைப் பார்க்கப்போகும் ஆள் யார். விட்டுப்போன பாடத்துக்கு என்ன வழி. பெற்றோரை எந்த எண்ணில், எந்த நேரத்தில், எந்த மொழியில் கூப்பிடுவது.

கடைசியாக ஒன்று, பலர் விட்டுவிடுவது: முதல் தவறு நடந்தால் என்ன செய்வோம்? நடக்கும், நடக்காமல் இருக்காது. தாமதமாக வருவான், ஒரு கெட்ட வார்த்தை சொல்வான். அதற்கு நேராக அலுவலகத்துக்கு அனுப்புவதா, முதலில் அவனுடைய ஆளைக் கூப்பிடுவதா என்று முன்கூட்டியே எழுதிவிட்டால் பாதிப் பிரச்சினை தீர்ந்துவிடும். ஏற்கனவே மாற்றுப் பள்ளிக்குப் போய்வந்தவன் என்பதற்காகவே சின்னத் தவறுக்குப் பெரிய தண்டனை விழுவதைப் பார்த்திருக்கிறேன். மற்ற பிள்ளை செய்தால் முறைப்பதோடு விடுவோம், இவன் செய்தால் படிவத்தை எடுப்போம். அந்தப் பையனின் பதினோராம் நாள் தள்ளுமுள்ளுவும் அப்படிப்பட்டதுதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

பிள்ளையும் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும். முதலில் அவன் பேசட்டும்.

முதல் முப்பது நாள்

காலையில் மூன்று நிமிடம், மாலையில் மூன்று நிமிடம். அவனுக்கென்று குறித்த ஆள் காலையில் பார்த்து, "சாப்பிட்டியா? இன்னைக்கு எந்த வகுப்பு கஷ்டமா இருக்கும்?" என்று கேட்கிறார். ஒரு சிறிய அட்டை கொடுக்கிறார். ஒவ்வொரு ஆசிரியரும் வகுப்பு முடிவில் அதில் ஓர் எண்ணைப் போடுகிறார்கள். மாலையில் அட்டையைச் சேர்ந்து பார்க்கிறார்கள். அமெரிக்கப் பள்ளிகளில் பரவலாக இருக்கும் முறை இது. மின்னசோட்டா பல்கலைக்கழகம் உருவாக்கிய இன்னொரு முறையில் ஒரே ஆள் பிள்ளையோடு ஆண்டுக்கணக்கில் தொடர்கிறார். அவ்வளவு முடியாவிட்டாலும் முப்பது நாள் முடியும்.

இரண்டு எச்சரிக்கை. அட்டை தண்டனைக் காகிதமாக மாறக் கூடாது. குறைந்த எண் வந்த நாளில்தான் அந்த ஆள் கூடுதலாக அன்பாகப் பேச வேண்டும். இரண்டாவது, அந்த ஆளைப் பதவியைப் பார்த்துத் தேர்ந்தெடுக்காதீர்கள். பிள்ளையிடமே கேளுங்கள். ஒரு பையன் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை பார்த்த ஒரு அம்மாவின் பெயரைச் சொன்னான். தலைமையாசிரியர் தயங்கினார். பிறகு அவருடைய மேலாளரிடம் பேசி, காலையில் பத்து நிமிடம் ஒதுக்கினோம். அந்த அம்மா தினமும் அவனுக்கு ஓர் ஆரஞ்சுப்பழம் எடுத்து வைத்துக்கொண்டு காத்திருப்பார். அவன் அந்த ஆண்டு மறுபடி போகவில்லை.

வருகைப் பதிவை ஒவ்வொரு நாளும் பாருங்கள். சண்டைக்கு முன்னால் அநேகமாக விடுப்பு வரும். இரண்டு நாள் வரவில்லை என்றால் அன்று மாலையே வீட்டுக்குப் பேசுங்கள்.

வேப் விஷயம்

இதைத் தனியாகச் சொல்வதற்குக் காரணம், மேலே சொன்ன எதுவும் இதற்கு மட்டும் போதாது. நிக்கோட்டின் பிடித்துக்கொண்ட பிள்ளைக்கு முப்பது நாள் தண்டனை சிகிச்சை ஆகாது. திரும்பி வந்த முதல் வாரமே கழிவறையில் மறுபடி பிடிபடுவான். அவனுக்கு விடுவதற்கு உதவி வேண்டும். ஹூஸ்டனில் டெக்சஸ் பல்கலைக்கழகத்தின் பொதுச் சுகாதாரப் பள்ளி வேப் தடுப்புப் பாடம் ஒன்றை உருவாக்கியிருக்கிறது. எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையமும் பதின்ம வயதினருக்கான இணையப் பாடம் வைத்திருக்கிறது. இவை அறிவைத் தரும். ஏற்கனவே அடிமையானவனைக் குழந்தை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். பள்ளிச் செவிலியரைத் திரும்பும் கூட்டத்துக்கு அழையுங்கள். எந்த நேரத்தில் கைநடுக்கம், எரிச்சல் வருகிறது என்று அவரிடம்தான் பிள்ளை சொல்வான்.

நம் பெற்றோருக்கு

நம் வீட்டில் இது நடந்தால் முதலில் வருவது வெட்கம். யாருக்கும் தெரியக் கூடாது என்று கூட்டத்தில் ஒன்றும் கேட்காமல் நீட்டிய இடத்தில் கையெழுத்து போட்டுவிட்டு வருகிறோம். வீட்டுக்கு வந்து பிள்ளையிடம் ஒரு மாதம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அங்கேயும் தனிமை, இங்கேயும் தனிமை என்றால் அவன் எங்கே போவான்?

இது கட்டாயமா, விருப்புரிமையா என்று கேளுங்கள். எத்தனை நாள், நாள் குறைய வாய்ப்பு உண்டா என்று கேளுங்கள். 60 நாளைத் தாண்டியோ அடுத்த மதிப்பெண் காலத்தின் முடிவைத் தாண்டியோ நீள்கிறது என்றால், பள்ளி வாரியத்தின் முன்னோ அது நியமித்தவர் முன்னோ உங்கள் பக்கத்தைச் சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. 120 நாளுக்கு மிகாத இடைவெளியில் மறுஆய்வு வேண்டும். மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்றால் கேட்கத் தயங்காதீர்கள். தாத்தா பாட்டிதான் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறார்கள் என்றால் அவர்களையும் அழைத்துப் போங்கள்.

வேப்பில் கஞ்சா எண்ணெய் இருந்தால் விஷயம் பள்ளியோடு நிற்காமல் போகலாம். டெக்சஸில் அதைச் சிறிதளவு வைத்திருந்தாலும் பெருங்குற்ற வழக்கு வரலாம். விசாவில் இருக்கும் குடும்பம் என்றால் குடியேற்றச் சட்டம் தெரிந்த வழக்கறிஞரிடமும் பேசிவிடுங்கள்.

கணக்கு வைப்பது

ஆண்டு முடிவில் மறுபடி போனவர்களின் எண்ணிக்கை குறைந்தால் எல்லோருக்கும் மகிழ்ச்சி. ஆனால் எண்ணிக்கை குறைய மோசமான வழிகளும் உண்டு. பிள்ளை பள்ளியை விட்டே போயிருப்பான். வீட்டிலிருந்து படிக்கிறேன் என்று பெயரை வெட்டியிருப்பார்கள். மாற்றுப் பள்ளிக்குப் பதிலாக வாரக்கணக்கில் பள்ளிக்குள்ளேயே தனி அறையில் உட்கார வைத்திருப்பார்கள். எனவே திரும்பி வந்த ஒவ்வொரு பெயருக்கும் நேரே இன்று எங்கே இருக்கிறான், வருகை எத்தனை, எத்தனை பாடம் தேறினான் என்று எழுதுங்கள். பெயர் காணாமல் போன வரி இருந்தால் அதைத்தான் முதலில் துரத்திப் பிடிக்க வேண்டும்.

மே மாதம் வரும்போது பட்டியலை மறுபடி எடுங்கள். நாள் முடியாமல் கோடை விடுமுறைக்குப் போகும் பிள்ளைகளின் மீதி நாள் பல மாவட்டங்களில் ஆகஸ்டுக்குத் தொடரும். அதைவிட எளிதாகக் கைநழுவுபவர்கள் எட்டாம் வகுப்பை மாற்றுப் பள்ளியில் முடித்துவிட்டு ஒன்பதாம் வகுப்புக்குப் புதிய உயர்நிலைப் பள்ளியில் நுழைபவர்கள். அவர்களுக்குத் திரும்பிப் போகச் சொந்தப் பள்ளியே கிடையாது. திரும்பும் திட்டத்தை யார் போடுவது என்பதில் இரண்டு பள்ளியும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கும். அந்தப் பெயர்களைத் தனியாக எழுதி, ஒவ்வொருவருக்கும் அந்த ஒரு பக்கத் தாளை நிரப்பி, பள்ளி திறப்பதற்கு முந்தைய வாரம் உயர்நிலைப் பள்ளிக்கு நேரில் போய் ஒன்பதாம் வகுப்பு ஆலோசகரின் கையில் கொடுங்கள். மின்னஞ்சலில் அனுப்ப வேண்டாம், அந்த வாரம் அவருக்கு முந்நூறு மின்னஞ்சல் வரும். முடிந்தால் பிள்ளையையும் கூட்டிப்போய், எந்த வாசலில் யார் நிற்கப்போகிறார் என்று காட்டிவிட்டு வாருங்கள்.